ஆச்சா?

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க. ஐயோ, அவ்வளவு இல்ல, எறக்குங்க!"

சக்கரம் மாட்டும் ஹப்பை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, கணவர் ஒரு விரற்கடை இறக்கினார். அவர் தையல்காரர். கத்தரிக்கோலைவிடக் கனமான எதையும் தொழிலில் தூக்கியதில்லை. அவள் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள், முழங்கை வரை கறுப்பு கிரீஸ். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வரும் ஆக்ஸில் தண்டின் முனையில் இருந்த மூன்று உருளைகளில் இரண்டு அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. மூன்றாவது மட்டும் விளிம்பில் இடித்துக்கொண்டு அடம்பிடித்தது.

"மூணு ஊசியில ஒரே நேரத்துல நூல் கோக்கச் சொல்ற நீ."

"பேசாம பிடிங்க. ஆடுது."

அந்த ஆக்ஸில் கழன்று வந்ததற்கு அப்பாவைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்க அவருக்கு ஒரே கேள்விதான்: ஆச்சா? குளிக்கப் போனவள் கதவைச் சாத்துவதற்குள் ஆச்சா. அரிசி உலையில் விழுவதற்குள் ஆச்சா. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்த வேலை கொடுத்த அவசரமா, பிறவியிலேயே உள்ளதா, தெரியாது. எங்கே கிளம்பினாலும் எல்லாருக்கும் முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். தெருப்பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஆச்சா தாத்தா. அது அவருக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது நோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது. இனி இங்கே செய்ய ஒன்றும் இல்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏறமாட்டேன், நம்ம கார்தான் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் போன தடவை அந்தக் காரில் அவரைக் கூட்டிப்போனது அவளுக்கு மறக்காது. ஒவ்வொரு வேகத்தடையிலும் கிழட்டுக் கார் எகிறிக் குதிக்கும். இடுப்புக்கு முட்டுக்கொடுத்த தலையணை சரிந்து கீழே விழும். அப்பா பல்லைக் கடித்துக்கொள்வார். தபால் ஆபீஸ் முனையில் உள்ள பெரிய வேகத்தடையில் மட்டும் அவரால் முடியவில்லை, அலறிவிட்டார். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வண்டி நிறையப் பிள்ளைகளை ஒரு தலை இடிபடாமல் கொண்டுபோய் இறக்குகிறவளுக்குத் தன் அப்பனை வலிக்காமல் கொண்டுபோகத் தெரியவில்லை. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஷாக் அப்சார்பர் மாற்றினால் சரியாகும். மெக்கானிக் ஒரு வாரம் தவணை சொன்னார். ஒரு வாரமாம்! டிப்போவில் மாற்றுவதைப் பார்த்திருக்கிறோமே, என்ன பெரிய விஷயம் என்று அவளே இறங்கிவிட்டாள்.

இடப்பக்கம் ஒழுங்காகத்தான் முடிந்தது. போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் ஹப்பைத் துணிக்கொடிக் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். நேற்று மாலை வலப்பக்கம் கட்டப்போகிற நேரத்தில் போன்.

"என்னம்மா, ஆச்சா?"

"தோ ஆச்சுப்பா."

அந்தப் பரபரப்பில் கயிறு கையிலேயே இருந்துவிட்டது. போல்ட் கழன்றதும் ஹப் தன் கனத்தில் வெளியே சாய்ந்தது. உள்ளே எங்கோ டொக் என்றது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மாட்டி முடுக்கி, காரைக் கிளப்பினால், எஞ்சின் உறுமுகிறது, கார் இம்மி நகரவில்லை. ரப்பர் உறைக்குள்ளேயே ஆக்ஸில் தன் கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்தது.

விடிந்ததும் மறுபடி ஜாக்கி, மறுபடி ஸ்பானர். உறையின் கிளிப்பை வெட்டி, உருளைகளைத் துடைத்து, புது கிரீஸ் அப்பி, இதோ கடைசி உருளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

படியில் கிடந்த போன் அடித்தது. கணவர் முழங்கையால் அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டார். மருத்துவமனையில் அப்பாவோடு இருக்கும் தங்கை.

"அக்கா, அப்பா கேட்டுட்டே இருக்காரு."

பின்னாலிருந்து மெல்லிசாக, காற்று மட்டும் வருகிற மாதிரி ஒரு குரல். "ஆச்சா?"

அவள் மூன்றாவது உருளையைப் பார்த்தாள்.

"ஆச்சுன்னு சொல்லுடி."

"நெஜமாவா?"

"ஆச்சுன்னு சொல்லு. கெளம்பிட்டேன்னு சொல்லு."

போன் அடங்கியதும் கணவர் குனிந்து பார்த்தார். "என்னத்துக்கு அப்படிச் சொன்ன?"

"ஆகப்போறதுதானே. தூக்குங்க."

தூக்கினார். இறக்கினார். ஆக்ஸிலை ஒரு மயிரிழை திருப்பினாள். ஒன்று உள்ளே போனால் இன்னொன்று வெளியே வந்தது. வியர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கக் கை சுத்தமில்லை. ஒரு தடவை கோபத்தில் காரை உதைத்தாள், கால் நொந்ததுதான் மிச்சம். மறுபடி போன் அடித்தது.

"வந்துட்டே இருக்கேன்டி!"

"ஆச்சுக்கா."

"இன்னும் ஆகலடி. ஒரே ஒரு உருளைதான் பாக்கி. நீ அவர்ட்ட சொல்லி வைக்காத."

அந்தப் பக்கம் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போவது கேட்டது.

"நான் காரச் சொல்லலக்கா" என்றாள் தங்கை.

கணவர்தான் முதலில் புரிந்துகொண்டார். ஹப்பை மெதுவாகக் கட்டையின் மேல் இறக்கி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார். அவள் காருக்கு அடியிலேயே கிடந்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா இந்த அப்பா? இதற்கும் எல்லாருக்கும் முன்னால் கிளம்பி நிற்க வேண்டுமா?

"வெளிய வாம்மா. ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம்."

விஷயம் காதில் விழுந்து மாடிவீட்டு அக்கா ஓடிவந்தாள். "என் தம்பி வண்டி சும்மாதான் நிக்குது. கைய கழுவிட்டு வா, தாயி. இது கெடக்குது."

"இல்லக்கா" என்றாள் அவள். "கெளம்பிட்டேன்னு சொல்லிட்டேன்."

கணவர் எழுந்து மறுபடி ஹப்பைத் தூக்கினார். இந்தத் தடவை அவள் இன்னும் கொஞ்சம் என்றும் சொல்லவில்லை, இறக்குங்கள் என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே தேடினாள். டக் என்று மூன்றும் உள்ளே போயின. அவ்வளவுதான், இத்தனை நேரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அந்த மூன்றாவது உருளையைக் கேட்க வேண்டும் போல இருந்தது.

"ஆ..." என்று ஆரம்பித்த கணவர் வாயை மூடிக்கொண்டார்.

உறையை இழுத்துவிட்டு, புதுக் கிளிப்பை நெரித்து, போல்ட்டுகளை முடுக்கி, சக்கரத்தை மாட்டினார்கள். கார் முனகாமல் வாசலைத் தாண்டியது.

மருத்துவமனையில் அவளுடைய கையைத் தங்கை பிடித்துக்கொண்டாள். கிரீஸ் அவள் கையிலும் ஒட்டியது.

"நீ கெளம்பிட்டேன்னு சொன்னதும் சிரிச்சாருக்கா. செருப்ப எடுத்து வையின்னாரு. வச்சேன்."

கட்டிலுக்குக் கீழே செருப்பு வாசலைப் பார்த்து ஜோடியாக இருந்தது.

அப்பாவை மருத்துவமனை வேனில் ஏற்றினார்கள். தங்கை அதில் ஏறிக்கொண்டாள். செருப்பை எடுத்துவந்து பின்சீட்டில், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் காரை வேனுக்குப் பின்னால் விட்டாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தபால் ஆபீஸ் முனை வந்தது. முன்னால் போன வேன் வேகம் குறைக்காமல் ஏறி, தடதடவென்று குதித்து இறங்கியது.

"மெதுவாங்க" என்றாள் அவள், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து.

பிறகு அவள் கார் ஏறியது, இறங்கியது. அவள் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். தலையணை வைத்த இடத்திலேயே இருந்தது.