மறைவு: ஞாயிறு மாலை 5 மணி

…கூப்பிடத்தான் போகிறாள், கூப்பிடாமல் விடுவாளா, எந்தப் பொம்பளைதான் விடுவாள், இன்றைய தேதி போட்டு, நேரமும் போட்டு, தான் செத்துப்போவதாக எட்டடிக்குப் பத்தடி ஃபிளெக்ஸில் ஊருக்கே அறிவித்தவளை மேடையில் ஏற்றி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல்… பூவிழி ஒன்பதாவது வரிசையில், தூணை ஒட்டிய நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் ஒரு கத்தரிக்கோலும் மஞ்சள் ஸ்டிக்கர் சுருளும் இருந்தன. அந்த ஒற்றை வார்த்தை மேல் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் கடையிலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். மண்டபத்து வாசலில் நின்றது அவள் டிசைன் செய்த ஃபிளெக்ஸ். கையில் மைக்கோடு சிந்தாமணி அக்கா, 'ரேஷன் கடை சிந்தாமணி வழங்கும் ஒரு மணி நேரச் சிரிப்பு' என்று கொட்டை எழுத்து, அதற்குக் கீழே 'நாள்' என்று இருக்க வேண்டிய இடத்தில்… 'மறைவு: 14.12.2025 ஞாயிறு, மாலை 5 மணி'. அதற்கும் கீழே 'அனுமதி இலவசம், அனைவரும் வருக'. அட கடவுளே, அனைவரும் வருக!

நிகழ்ச்சி நடத்துகிற அறிவழகன் சார் ஒட்ட விடவில்லை. "அக்கா வந்து பாத்துட்டாங்கம்மா. அப்புடியே இருக்கட்டும், யாரும் கை வைக்காதீங்கன்னுட்டாங்க. இதைப் போட்ட புள்ளைய மட்டும் உள்ள உக்காரச் சொல்லுங்கன்னாங்க" என்று சொல்லிவிட்டு, மைக் சரிபார்க்கப் போய்விட்டார். உட்காரச் சொல் என்றால் என்ன அர்த்தம்? சிரித்துக்கொண்டு சொன்னாளா, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாளா, அதையாவது கேட்டிருக்கலாம். கடை முதலாளி ராசாங்கம் அண்ணன் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். "அந்தம்மா மேடையில நம்ம கடை பேர இழுத்துச்சின்னு வையி, நாளைக்கி நீ வர வேணாம்." ஏழு வருட வேலை. ஃபிளெக்ஸின் அடியில் கடை பேர் போன் நம்பரோடு இருக்கிறது, படிக்கத் தெரிந்த எவரும் படிக்கலாம், பிறகு எங்கே போய் நிற்பது, இந்த பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற நாலு டிசைன் கடைக்காரர்களும் இதை வைத்தே ஒரு வருடம் சிரிப்பார்கள். அதைவிட, போயும் போயும் இந்த அக்காவையா சாகடிக்க வேண்டும்? ரெண்டு மாதத்துக்கு முன்னால் அரியலூர் நிகழ்ச்சிக்கு ஃபிளெக்ஸ் கொடுக்கப் போனவள், சும்மா ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று வாசல் ஓரம் நின்று, ஒரு மணி நேரம் கால் மரத்துப்போக நின்றிருந்தாள். குன்னத்துப் பக்கம் ரேஷன் கடையில் அரிசி போடுகிற பொம்பளை, நாற்பத்தேழு வயது, கழுத்தில் ஒற்றைச் சரடு, சிமெண்ட் ஆலை ஆட்களையெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்க வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாளே, அந்த நடையை அன்று வீடு போகும்வரை பூவிழி நினைத்துக்கொண்டே போனாள்.

எப்படி அந்த வார்த்தை வந்தது என்று முதலாளி கேட்டார், அறிவழகன் சார் கேட்டார், தெரியவில்லை என்றாள். பொய். தெரியும். கம்ப்யூட்டரில் ஒரு ஃபிளெக்ஸ் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி, படம் ஒரு தாள், பேர் ஒரு தாள், தேதி ஒரு தாள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண், கண்ணை மூடினால் தாள் மறையும், திறந்தால் தெரியும். 'மறைவு' என்பது அப்பாவின் தாள். பிப்ரவரியில் அப்பா போனபோது கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸை அவளேதான் செய்தாள், வேறு யார் செய்வார்கள், பந்தலுக்கு முன்னால் மூங்கில் கட்ட ஆள் வந்து நிற்கிறான். வெள்ளைச்சாமி, சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர், தனியாக ஒரு நல்ல படம் எடுத்துக்கொள்ளாத மனிதர். ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்த படம் இருந்தது, தோளில் கிடந்த யாரோ ஒருவரின் கையை அழித்துவிட்டால் போதும், ஆனால் அதில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், சும்மா சிரிப்பில்லை, கடைவாய்ப்பல் தெரிய, அண்ணாந்து, யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா திரையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "செத்தவன் ஈன்னு இளிச்சிக்கிட்டு நின்னா ஊரு என்ன பேசும்? அவன் வாய மூடும்மா." மூடினாள். லைசென்ஸ் படத்திலிருந்து உதட்டை மட்டும் வெட்டி எடுத்து, அப்பாவின் சிரிப்பு மேல் வைத்து, ஓரத்தைத் தேய்த்து, நிறம் சேர்த்து… பெற்ற அப்பன் வாயைத் தன் கையால் மூடினாள்.

அந்தச் சிரிப்பு அடியில் இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை, மேல்தாளின் கண்ணை மூடினால் அப்பா சிரிப்பார். அதற்காகத்தான் அப்பாவின் ஃபைலைத் திறக்கிறோம் என்று இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை, பார்டர் நன்றாக இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டாள். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அந்த ஃபைலைத் திறப்பாள். கண்ணை மூடுவாள், அப்பா சிரிப்பார், கண்ணைத் திறப்பாள், அப்பா வாயை மூடிக்கொள்வார். பிறகு அதையே வேறு பேரில் சேமித்துக்கொண்டு, அப்பாவை எடுத்துவிட்டு, அன்றைய வேலையை ஆரம்பிப்பாள். பத்து மாதமாக இந்தப் பெரம்பலூரில் அவள் கையால் போன காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாதான் இருந்தார். யாருக்கும் தெரியாது. முந்தாநாள் அறிவழகன் சார் அவசரப்படுத்தினார், அப்பா படத்தையும் உதட்டையும் எடுத்தவள் 'மறைவு' தாளை எடுக்காமல் விட்டுவிட்டாள், தேதியை மட்டும் மாற்றிவிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டாள்… இதை யாரிடம் போய் எப்படிச் சொல்வது?

விளக்கு அணைந்தது. சிந்தாமணி அக்கா மேடைக்கு வந்தபோது மண்டபமே ஒரு நிமிடம் மூச்சை நிறுத்தியது, கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை. மைக்கைத் தட்டிப் பார்த்தாள். "மணி என்னங்க ஆவுது?" யாரோ அஞ்சே கால் என்றார்கள். "வாசல்ல அஞ்சு மணின்னு போட்டிருக்கு. நான் இன்னும் நின்னுக்கிட்டிருக்கேன். கால் மணி நேரம் லேட்டு. ரேஷன் கடைக்காரி எதைத்தாங்க டயத்துக்குக் குடுத்திருக்கா?" அவ்வளவுதான், கூரையே எழும்பியது. இருநூறு பேர், வெங்காய மண்டிக்காரர்கள், நர்சிங் படிக்கிற பிள்ளைகள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், எல்லோரும் வாசலில் அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் உள்ளே வந்தவர்கள்தானே, எல்லோர் நெஞ்சிலும் கிடந்த கல்லை ஒரே வாக்கியத்தில் எடுத்துப் போட்டுவிட்டாள். பால் பொங்கி அடங்குகிறவரை அடுப்படியில் நிற்கிற மாதிரி நின்றாள். எந்த நொடியில் அடுத்ததைச் சொல்ல வேண்டும் என்று யார் கற்றுக்கொடுத்திருப்பார்கள் இவளுக்கு?

"போயிட்டுத்தாங்க வந்தேன். மேல ஒரே கியூ. எமதர்மன் மெஷின வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. வெரல வைம்மாங்கறாரு. வச்சேன். ரேகை வுழல. முந்தானையில தொடச்சிட்டு வைங்கறாரு. வுழல. பத்து வெரலும் வச்சாச்சு. சாமி, வெங்காயம் அரிஞ்சி, பருத்தி எடுத்து, மக்காச்சோளம் ஒடிச்ச கையி, ரேகைக்கு எங்க போவேன்னேன். அப்பக் கண்ணக் காட்டுங்கறாரு. காட்டுனேன். சர்வர் போயிடிச்சி." பக்கத்து நாற்காலி அம்மா பூவிழியின் தொடையிலேயே அடித்துச் சிரித்தாள். "அரை நாள் நின்னேன். கடைசில சொல்றாரு, ஸ்டாக் இல்ல, அடுத்த மாசம் வாம்மா. வவுறு எரியுதுங்க. அது நான் சொல்ற வசனம்!" பிறகு மாலையைத் தொட்டுக் காட்டினாள். "வாட்ஸப்புல இந்தப் படம் செந்துறை வரைக்கும் போயிடிச்சி. என் கொழுந்தன் மாலையோட பஸ் ஏறி வந்துட்டாரு. பன்னண்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லாத மனுசன். வந்து பாக்கறாரு, நான் டீ குடிச்சிக்கிட்டிருக்கேன். அவரு மூஞ்சில ஒரு ஏமாத்தம் பாருங்க… பூக்கடையில மாலைய திருப்பி எடுக்க மாட்டாங்களாம். சரி குடுங்கன்னு வாங்கிப் போட்டுக்கிட்டேன்." முதல் வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா, அழுகிறாரா, இங்கிருந்து தெரியவில்லை. மனுஷியா இவள், நான் கொட்டிய குப்பையை அள்ளிச் சமைத்து ஊருக்கே பந்தி வைக்கிறாளே!

"இதைப் போட்ட புள்ள இங்கதான் உக்காந்திருக்கு." வந்துவிட்டது. பூவிழி தூணுக்குப் பின்னால் ஒடுங்கினாள், ராசாங்கம் அண்ணன் குரல் காதில் கேட்டது. "எழுந்திரிக்கச் சொல்லல கண்ணு. கடை பேரும் சொல்ல மாட்டேன், பயப்படாத. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் உக்காரச் சொன்னேன். அந்த போர்டு எனக்குன்னு மொதல்ல பண்ணது இல்லல்ல? எனக்கு முன்னாடி அதுல யாரோ இருந்திருக்காங்க. பஸ்ஸுல எந்திரிச்சி எடம் குடுக்கற மாதிரி எந்திரிச்சிக் குடுத்திருக்காங்க. யாரும்மா அவங்க?" யாரும் சிரிக்கவில்லை. எங்கப்பா, என்றாள் பூவிழி. உதடுதான் அசைந்தது, பக்கத்து அம்மாவுக்குக் கூடக் கேட்டிருக்காது. அக்கா மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "சரி, யாராயிருந்தா என்ன, அவங்களுக்கு ஒரு கை தட்டிருவோம்." தட்டினார்கள். இருநூறு பேரும் தட்டினார்கள், வெள்ளைச்சாமி என்று ஒரு லாரி டிரைவர் இருந்ததே தெரியாமல் தட்டினார்கள், முதல் வரிசைப் பெரியவர் எழுந்து நின்று தட்டினார். தட்டி ஓயும் நேரம் பார்த்து அக்கா சொன்னாள். "எடம் நல்ல எடங்க. காத்தோட்டமா இருக்கு."

எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்தது சிரிப்பு, அண்ணாந்து, கடைவாய்ப்பல் தெரிய, மூக்கில் தண்ணீர் வர, பக்கத்து அம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, அதன் நடுவில்தான் சுரீரென்று அந்த நினைப்பு குத்தியது… முந்தாநாள் அவசரத்தில் வேறு பேரில் சேமித்தோமா, அதே பேரில் சேமித்துவிட்டோமா? அதே பேரில் என்றால் அப்பாவின் ஃபைலில் இப்போது இந்த அக்காதான் இருக்கிறாள், உதடும் போயிருக்கும், உதட்டுக்கு அடியில் இருந்ததும் போயிருக்கும், நேற்றுப் பூராவும் கரண்டு இல்லை, இன்று கடைக்குள் நுழைந்ததே ஸ்டிக்கரை எடுக்கத்தான், கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. கடை ரெண்டு தெரு தள்ளித்தான், சாவி பையில்தான் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் போய்ப் பார்த்துவிடலாம். மேடையில் அக்கா பாமாயில் கதையை ஆரம்பித்துவிட்டாள். ஏன் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருக்கிறேன், எப்படி உட்கார முடிகிறது என்னால்… திறந்த வாயைப் பொத்தக் கையைத் தூக்கினவள், பாதியிலேயே இறக்கிக் கைப்பை மேல் வைத்துக்கொண்டாள்.