குஷன்காரரின் ஈறும் மச்சினன் ரத்தமும்

சோபாவுக்குத் துணி போடுகிற குஷன்காரருக்கு உலகத்தில் காதில் விழவே கூடாத பேச்சு ஒன்று உண்டு. அதைப் பேசுகிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். வீட்டில் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் போதும், எப்படியாவது பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிடுவான். "மாமா ஒடம்புல ஓடுறது யாரு ரத்தம்னு கேளுங்க" என்று ஆரம்பிப்பான். கேட்கிறவர்களும் விவஸ்தை இல்லாமல் கேட்டுத் தொலைப்பார்கள்.

விஷயம் என்னவோ உண்மைதான். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு சோபாவை மாடிக்கு ஏற்றும்போது கால் தவறி, சோபா மேலே அவர் கீழே என்று படியெல்லாம் உருண்டு வந்தார். உள்ளே ஏதோ கிழிந்து ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது. அவருடைய வகை ரத்தம் ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லை. மச்சினனுடையது பொருந்தியது. அவன் கொடுத்தது ஒரு பை. சொல்லிக்காட்டியது பீப்பாய் பீப்பாயாக. இவர் சீட்டாட்டத்தில் ஜெயித்தால் "என் ரத்தம்ல!" என்பான். கோபப்பட்டால் "அது மட்டும் அவரோட சொந்த ரத்தம்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். குஷன்காரரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பார்.

கடைசியில் அந்தப் பல்லுக்கே ஆபத்து வந்தது.

குஷன் வேலையில் ஒரு பழக்கம். குட்டி ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்கே ஒவ்வொன்றாகப் புரட்டி, கொண்டை முன்னால் வரும்படி உதட்டில் கொண்டுவந்து நிறுத்தும். காந்தச் சுத்தியலைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஆணி அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தட்டு, துணி சட்டத்தோடு இறுகிவிடும். துணியை இழுத்துப் பிடிக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை, ஆணிக்கு ஆண்டவன் மூன்றாவது கை கொடுக்கவில்லையே, அதற்குத்தான் வாய். ஸ்டேப்ளர் துப்பாக்கி வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அடிப்பக்கத்துக்கு அவரும் அதைத்தான் எடுப்பார். ஆனால் கண்ணில் படுகிற விளிம்புக்கு ஆணிதான் என்பது அவர் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் கீழ்வரிசை முன்பல் ஒன்றின் ஈறை உரசி உரசியே கீழே தள்ளிவிட்டது. வேர் வெளியே தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உச்சந்தலைவரை சுரீர் என்றது.

ஈறு டாக்டர் சின்ன வயசுக்காரி, ஆனால் கறார் பேர்வழி. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அவர் பல்லை அவருக்கே காட்டினாள்.

"இப்பிடியே விட்டா ஆட ஆரம்பிச்சுடும், அப்புறம் விழுந்துடும். ஈறை லேசா விலக்கி, அடியில உங்க ரத்தத்துலயே செஞ்ச ஒரு சவ்வை வெச்சுத் தைக்கலாம். கையிலருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து மிஷின்ல சுத்துவோம். நடுவுல ஜெல்லி மாதிரி ஒண்ணு திரண்டு நிக்கும். புண்ணை ஆத்துற சரக்கு நெறைய அதுலதான் இருக்கு. வேர் முழுசா மூடிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நல்லா வர வாய்ப்பு இருக்கு. வேற யாரோடதும் இல்ல, உங்க சொந்த ரத்தம், அதனால ஒத்துக்காம போயிடுமோங்கிற பயம் இல்ல."

குஷன்காரர் நாற்காலியில் நெளிந்தார். நர்ஸ் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலை இறக்கினார்.

"டாக்டர், உங்ககிட்ட மறைக்கக்கூடாது. என் ரத்தம் முழுக்க என்னோடது இல்ல. கொஞ்சம் மச்சினனோடது கலந்திருக்கு."

கதையைக் கேட்டு முடிக்கும்வரை டாக்டர் உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். "சிவப்பணு மூணு நாலு மாசம்தான் இருக்கும். காயத்தை மூடுற தட்டணு ஒரு வாரம், பத்து நாள். அவர் குடுத்ததெல்லாம் எப்பவோ போயாச்சு. இப்ப ஓடுறது உங்க எலும்புக்குள்ள ஊறுனது."

"ஒரு சொட்டுகூட மிச்சம் இல்லையா?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

குஷன்காரர் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு நடந்தார். அடைந்து முடிந்துபோன ஒரு கடனுக்கு இத்தனை காலம் தலையைக் குனிந்திருக்கிறோமே என்று நினைக்க நினைக்க அவருக்கு ஆத்திரமும் ஆனந்தமும் ஒன்றாகப் பொங்கின. அடுத்த தடவை எல்லோரும் கூடும்போது அவன் வாயைத் திறக்கட்டும், 'உன் ரத்தம் நாலாம் மாசமே காலாவதிடா' என்று சபையில் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தார். பட்டறையில் சோபாக்களுக்கு நடுவில் நின்று அதை ரெண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

சிகிச்சை நாள் மச்சினனுக்குத் தெரியக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் அவர் மனைவி வயிற்றில் எது தங்கியிருக்கிறது? அவர் நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டிய நேரம், மச்சினன் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்றான்.

"டாக்டர், என்னோடத எடுத்துக்கங்க. அவருக்கு அது பழக்கமான ரத்தம்."

"அவரோடதுதான் வேணும். நீங்க அப்பிடி ஓரமா நில்லுங்க" என்றாள் டாக்டர்.

நர்ஸ் ஊசியைக் குத்தினாள். குழாயில் ரத்தம் ஏறியது. குஷன்காரருக்கு வலியே தெரியவில்லை. 'பாருடா, நல்லாப் பாரு, எல்லாம் என்னோட சொந்தச் சரக்கு' என்ற மமதையோடு மச்சினன் பக்கம் திரும்பினார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. உதடு வெளுத்து, கண் எங்கேயோ சொருகி, சுவரோடு சறுக்கிக்கொண்டே போய்த் தரையில் சரிந்தான். எடுத்த ரத்தத்தை உடனே மிஷினில் போடாவிட்டால் குழாயிலேயே உறைந்துவிடும். நர்ஸ் அவன் காலைத் தாண்டிக் குதித்து ஓடினாள்.

அவன் பின்னாலேயே வந்திருந்த அக்காக்காரி தண்ணீர் தெளித்தாள். "சின்ன வயசுலருந்தே இப்பிடித்தான் டாக்டர். ஊசியப் பாத்தாலே விழுந்துடுவான். அன்னைக்கு இவருக்குக் குடுத்தப்பவும் ரெண்டு தடவ விழுந்தான். முகத்துல தண்ணி அடிச்சு எழுப்பி எழுப்பித்தான் எடுத்தாங்க."

குஷன்காரருக்கு இது புதுச் செய்தி. வாயைத் திறந்து கேட்பதற்குள் டாக்டர் வாயை மரத்துப்போக வைக்கிற ஊசியைப் போட்டுவிட்டாள். பிறகு ஜெல்லியை அழுத்தி, நனைந்த வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய சவ்வாக்கி, ஈறுக்கு அடியில் பதமாக வைத்துத் தைத்தாள். "உதட்ட இழுத்துப் பாக்கக் கூடாது. பேச்சக் கொறைங்க. வாய்க்குள்ள ஆணி இனிமே கிடையவே கிடையாது" என்று மூன்று உத்தரவு போட்டாள்.

ஆணி இல்லாத வாயோடு வேலை எப்படி ஓடும்? மூன்று பேர் உட்காருகிற சோபா ஒன்று பாதியில் நின்றது. மறுநாள் குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு மச்சினன் பட்டறைக்கு வந்தான். "நீங்க இழுத்துப் பிடிங்க மாமா, ஆணி நான் தர்றேன்" என்று பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, கொண்டை முன்னால் வரும்படி சுத்தியலுக்கு நீட்டினான். முதல் நாள் விரலில் நாலு இடத்தில் குத்திக்கொண்டான். பொட்டு ரத்தம் வந்தால் உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு விரலைச் சட்டையில் துடைத்தான். ஆனால் வருவதை நிறுத்தவில்லை. ஆறிய சூப்பும் அவனே கொண்டுவந்தான். பேச்சுக்கும் குறைவில்லை, குஷன்காரரால் பதில் சொல்ல முடியாத காலம் அவனுக்குத் திருவிழாவாக இருந்தது. "வாய மூடிக்கிட்டு இருந்தா எவ்வளவு லட்சணமா இருக்கீங்க மாமா" என்று வேறு சொன்னான். பேச முடியாதவரின் மனசு ஓயாமல் பேசியது. ஊசியைப் பார்த்தாலே விழுகிறவன், அன்றைக்கு எழுப்ப எழுப்ப எழுந்து, மறுபடியும் கையை நீட்டியிருக்கிறான். அதை ஒரு விசேஷத்தில்கூட அவன் சொல்லிக்காட்டியதில்லை.

தையலை எடுத்தார்கள். மேலும் சில வாரம் கழித்து டாக்டர் மறுபடி பார்த்தாள். மறுபடி கண்ணாடியைக் கொடுத்தாள். வெளியே தெரிந்த வேரின் மேல் இளஞ்சிவப்பாக ஈறு ஏறி மூடியிருந்தது, பல்லை ஒட்டி மேலே ஒரு கோடு மட்டும் பாக்கி. "நல்லாப் பிடிச்சிருச்சு. பல்லுக்கு இனிமே பயம் இல்ல" என்றாள். குஷன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் கையெடுத்துக் கும்பிட்டு, எதிரே வந்த கூட்டுகிற அம்மாவுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

வேனில் காத்திருந்த மச்சினனிடம் உதட்டை விலக்கிக் காட்டினார். அவன் எட்டிப் பார்த்து விசிலடித்துவிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

"பின்ன? என் ரத்தம்ல மாமா! ஒட்டாம போகுமா?"

அந்தக் காலாவதிக் கதையை இனிமேல் சொல்ல வேண்டாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நாக்கு சும்மா இருக்கவில்லை. சிவப்பணு, தட்டணு, நாலு மாசம், எலும்புக்குள் ஊறுவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

மச்சினன் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தான். "தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு எடுத்த நர்ஸே சொல்லிச்சு. நாலு மாசத்துல எல்லாம் புதுசா மாறிடும்னு."

"தெரிஞ்சுக்கிட்டேவா இத்தன வருஷம் என் மானத்த வாங்குன?"

மச்சினன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். முகத்தில் கிண்டல் இல்லை.

"அன்னைக்கு உங்கள உள்ள கொண்டுபோயிட்டாங்க. அக்கா செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. குடுத்தது பத்துமான்னு கேட்டேன், யாரும் பதில் சொல்லல. விடிஞ்சதும் நீங்க கண்ணத் தொறந்தீங்கன்னு சொன்னாங்க. எனக்கு இருந்த சந்தோஷத்த எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல மாமா. சும்மா போய் உங்க கையப் பிடிச்சுக்கிட்டு அழ முடியுமா? அதான் இப்பிடி எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க மொறைச்சாத்தான் எனக்கு நிம்மதி."

குஷன்காரர் வெளியே பார்த்தார். போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தார். பிழைத்து வந்த நாளிலிருந்து இவனிடம் நேராக ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்று பயம். அவன் பக்கம் திரும்பினார்.

"நாலு மாசம் உன் ரத்தம் ஓடுனதாலதான்டா அப்புறம் என் ரத்தம் ஊறுச்சு. நீ இல்லன்னா நான் இல்ல. இந்த ஈறு மட்டுமா, அன்னைலருந்து நான் சாப்பிட்டது, சிரிச்சது, உன்கூட சண்ட போட்டது, எல்லாமே நீ குடுத்ததுதான்."

மச்சினன் ஸ்டியரிங்கைத் துடைப்பதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"போதும் மாமா, தையல் பிரிஞ்சுறப் போகுது."

"தையல எடுத்து எத்தன நாளாச்சு."

"அப்ப சரி. இன்னொரு தடவ சொல்லுங்க."

குஷன்காரர் இன்னொரு தடவை சொன்னார்.