மஞ்சள் வயர்

“அண்ணி, இந்த வயரையெல்லாம் வெட்டி விட்டுட்டா காடிய வெளிய எடுத்துடலாம்” என்று சொல்லிக்கொண்டே லோகேஸ்வரன் கத்தரிக்கோலோடு கார்க் கதவைத் திறந்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த சந்திரமதி எழுந்து ஓடிவந்தாள். நேற்றுக் காலையிலிருந்து யார் கூப்பிட்டும் எழாதவள்.

“வெட்டாத தம்பி.”

“பத்து மணிக்கு அண்ணனக் கொண்டாந்துருவாங்க அண்ணி. பெட்டிய எறக்க எடம் வேணாமா?”

“ஐயாசாமியக் கூப்பிடு. அவன் வந்து மாட்டட்டும்.”

கொழுந்தன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். புருஷன் பிணமாக வந்துகொண்டிருக்கும்போது காருக்கு வழிகாட்டும் செட்டு மாட்ட ஆள் கூப்பிடுகிற பெண்பிள்ளையை அவன் வேறெங்கே பார்த்திருப்பான்? ஆனாலும் போனை எடுத்தான்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அந்தப் பழைய மைவி கார். டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டதில், அறுத்த கோழி மாதிரி வயிறு திறந்து கிடந்தது. புதுச் செட்டு கியர்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் வீரமுத்து விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே இருந்தன. பிளையர், கறுப்பு டேப், அவள் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணிக் கோப்பை.

அந்தக் கோப்பையை வைத்தபோதுகூட அவர் உயிர் போய்விட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூலாயில் கடை போட்டு இருபது வருஷமாக ஊரார் கார்களுக்கு வயர் இழுத்த மனிதர். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, காலை வெளியே நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடப்பார். நேற்றும் அப்படித்தான் கிடந்தார். “தேத்தண்ணி ஆறுது” என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை எரிந்து விழுந்தாள்.

எல்லாம் மெர்சிங் போவதற்காக. கல்யாணமான புதிதில் அங்கேதான் இருந்தார்கள். வீரமுத்து மீன் படகுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் இருந்தது. பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். அந்த இடத்துக்குப் பெண்கள் போகக்கூடாது. தையல் போட்ட வயிற்றோடு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, அவர் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எந்த மூலையில் வைத்தார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் வேறு பிள்ளை இல்லை.

இருபத்தேழு வருஷமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஒரு தடவை காட்டுங்கள் என்று. மாட்டேன் என்று மனிதர் ஒரு நாளும் சொன்னதில்லை. “போலாம்மா” என்பார். எப்போது என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. மழைக்காலம் என்பார், கடையில் வேலை என்பார், காடி தாங்காது என்பார்.

போன வாரம் என்ன தோன்றியதோ, தானாகவே ஆரம்பித்தார்.

“ஞாயித்துக்கெழம மெர்சிங் போறோம். நீதான் ஓட்டுற.”

“எனக்கு எங்கங்க வழி தெரியும்? கோயிலுக்கும் ஃபாக்டரிக்கும் ஓட்டத் தெரியும், அவ்வளவுதான்.”

“அதுக்குத்தான் செட்டு மாட்டுறேன்.”

“அதான் கைப்போன்லயே காட்டுதே.”

“ஜெமாலுவாங் காட்டுக்குள்ள லைன் இருக்காதும்மா. இது லைன் இல்லாமலே காட்டும்.”

இதுவும் ஒரு சாக்கு என்றுதான் நினைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காருக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். “சந்திரா, புள்ள இருக்குற எடத்தச் செட்டுக்குள்ள போட்டுட்டேன், வந்து பாரு.” அவள் அடுப்படியில் இருந்தாள். கையில் மாவு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஐயாசாமி பதினைந்து நிமிஷத்தில் வந்துவிட்டான். வீரமுத்துவோடு கடையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். திரை வெளிச்சமாயிற்று. என்ன மொழி வேண்டும் என்று கேட்டது. தேதி 2015 ஜனவரி ஒன்று என்றது.

“உள்ள ஒரு எடம் போட்டிருக்காரு பாரு” என்றாள் சந்திரமதி.

அங்கே இங்கே அழுத்திப் பார்த்தான். “ஒண்ணும் இல்லக்கா. புதுசா இருக்கு.”

“நல்லாப் பாரு.”

அவன் வயர்களைக் கையில் எடுத்தான். “இங்க பாருங்க. செவப்பு வயரு, சாவியத் திருப்பினா செட்ட முழிக்க வைக்கும். மஞ்சளு இருக்கே, அதான் சாவிய எடுத்தப்புறமும் ஞாபகத்த வச்சிக்கும். மஞ்சள்ல எப்பவும் கரண்டு ஓடும், அதனால அண்ணன் அதக் கடைசியாத்தான் கொடுப்பாரு. இன்னும் கொடுக்கல. டேப் சுத்தின மேனிக்கு இருக்கு.”

“அப்ப போட்டேன்னு சொன்னாரே?”

“போட்டிருப்பாரு. சாவிய எடுத்ததும் போயிருக்கும்.” அவன் மூக்கை உறிஞ்சினான். “மஞ்சளக் கொடுக்காம எடத்தப் போடாதடான்னு என்னைத் திட்டுறவரே அவருதான்க்கா. என்ன அவசரமோ தெரியல.”

அவசரமாம். இருபத்தேழு வருஷம் இழுத்தடித்த மனிதருக்கு அவசரமாம். ஒருவேளை போடவே இல்லையோ, போட்டேன் என்று வாயால் சொல்லி இன்னொரு வாரத்தை ஓட்டப் பார்த்தாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. செத்த மனிதரைச் சந்தேகப்படுகிறோமே என்று கூசிப்போனாள். ஆனால் நினைப்பு போகவில்லை. எது எப்படியோ, அந்த இடம் அவரோடு போய்விட்டது.

ஐயாசாமி டேப்பை உரித்து மஞ்சளைச் சேர்த்தான். சின்னதாக ஒரு பொறி பறந்தது. செட்டைத் தள்ளிப் பொருத்தி, டேஷ்போர்டை மூடி, காரைக் கொண்டுபோய்ச் சாலையோரம் நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது.

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கட்டைவிரலில் ஒட்டியிருந்த டேப் பசை மட்டும் போகவில்லை. வாய்க்கரிசி போடும்போது சந்திரமதி குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். அழுகிறாள் என்று நினைத்து எல்லாரும் அழுதார்கள். அவள் கேட்டது இதுதான்: “எந்த மூலைங்க? சொல்லிட்டுப் போங்க.”

பெட்டியைத் தூக்கினார்கள். கேட்டருகில் பெரியவர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். “பொம்பளைங்க இதோட நின்னுக்கங்க.” அவள் நின்றாள். அன்றைக்குக் கட்டிலில், இன்றைக்குக் கேட்டில். பிள்ளையையும் புருஷனையும் அவள் இல்லாமலேதான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வேன் முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வந்து அவள் உட்கார்ந்தபோது, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வீரமுத்துவின் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுத்தாள்.

“அண்ணே, எங்க வந்துட்டிருக்கீங்க? மணி ரெண்டாச்சு லா” என்றது ஒரு பெண்குரல்.

“நீங்க யாரு?”

“நான் காளியம்மா, மெர்சிங். இங்க எடுகாட்டுல புல்லு வெட்டுற ஆளு. அக்காவா பேசுறீங்க? நீங்களும் வர்றீங்கன்னு அண்ணன் சொன்னாரே. காலையிலேயே சுத்தமா வெட்டி வச்சிட்டேன்.”

“அவர ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என்னக்கா, வருசா வருசம் வர்றவரத் தெரியாதா? ஜூலை மாசம் வந்துருவாரு. ஒரு மணி நேரம் ஒக்காந்திருப்பாரு, யாருகிட்டயும் பேச மாட்டாரு. போன வருசம் நான்தான் கேட்டேன், ஏண்ணே, அந்த அக்காவக் கூட்டியாற மாட்டீங்களான்னு. அவ இங்க வந்து அழுதா என்னால பாக்க முடியாதும்மான்னாரு.”

ஜூலை மாதம். கோத்தா திங்கியில் ஒரு காடி வேலை என்று சொல்லிவிட்டுப் போவாரே, அது. கண் சிவந்து வந்தால் வயர் பற்றவைக்கிற சாலிடர் புகை என்பாரே, அது. பாவி மனுஷன், இருபத்தேழு வருஷம் தனியாகவே போய் அழுதிருக்கிறார். அவளுக்குக் கோபம் வந்தது. அவரை உலுக்கிச் சண்டை போட வேண்டும்போல இருந்தது. சண்டை போட ஆள் இல்லை.

“அவருக்குத்தான் வழி தெரியுமே. பெறகு எதுக்குச் செட்டு மாட்டுனாரு?” என்றாள், பாதி தனக்குத்தானே.

“ஒங்களுக்குத்தானாம்க்கா. இந்த ஒரு வாட்டி கூட வர்றேன், அடுத்த வாட்டியிலேர்ந்து அவளே வந்து போவான்னாரு. பொறப்பட்டுட்டீங்களா?”

“அவரு வரமாட்டாரும்மா. நேத்து தவறிட்டாரு. இப்பத்தான் எடுத்துட்டுப் போனாங்க.”

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. கடல் காற்றாக இருக்கும்.

“அங்க நெழலு இருக்கா?” என்று கேட்டாள் சந்திரமதி.

“இருக்குக்கா. அண்ணன் வச்ச ஜம்பு மரம். அந்தக் கடைசி மூலையில, கடலப் பாத்த பக்கம். நல்லா காய்க்கும்.”

பிள்ளை வயிற்றில் இருந்தபோது உப்பு தொட்டு ஜம்புப் பழமாகத் தின்றது அவளுக்கு நினைவு வந்தது.

“பொம்பளைங்க உள்ள வரக்கூடாதும்பாங்களே?”

“நான் பொம்பளதானேக்கா” என்றாள் காளியம்மா. “நீங்க வாங்க. நான் இருக்கேன்.”

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஈரப் புடவையோடு அவள் சாலைக்குப் போனதை, கூடத்திலிருந்த பெண்கள் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி மெர்சிங் என்று போட்டாள். காளியம்மா சொன்ன கடலோரத்து மூலையை விரலால் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினாள். கூலாயிலிருந்து கோத்தா திங்கி, ஜெமாலுவாங் காடு, அப்புறம் கடல்வரைக்கும் ஒரு நீலக் கோடு ஓடிற்று.

சாவியைத் திருப்பி அணைத்தாள். திரை இருண்டது. சாவியைக் கையில் உருவி எடுத்துக்கொண்டு பத்து எண்ணினாள். மறுபடி போட்டுத் திருப்பினாள்.

கோடு அப்படியே இருந்தது.

அவர் படுத்து வேலை செய்வதற்காக இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தார். அவள் குனிந்து இருக்கைக்கடியிலிருந்த கம்பியைத் தூக்கி, தன் கால் பிரேக்குக்கு எட்டுகிற அளவுக்கு அதை முன்னால் இழுத்துக்கொண்டாள்.