அட்டைகளுக்கு நடுவே விரித்த துணி

என் வீட்டுக்காரருக்கு அவருடைய கூட்டாளிகள் வைத்த பெயர் மூலை. பழைய அட்டை ஒன்றை யார் நீட்டினாலும் அதில் சிரிக்கிற பாடகரைப் பார்க்க மாட்டார். அட்டையின் நான்கு மூலைகளைத்தான் பார்ப்பார். கூராக இருந்தால் முகம் மலரும். ஒன்று மழுங்கியிருந்தாலும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். ஒரு காலத்தில் பபிள்கம் பாக்கெட்டுக்குள் வைத்து விற்ற அட்டைகள் அவை. முன்பக்கம் பாடகரோ கிட்டார்க்காரரோ இருப்பார், பின்பக்கம் வரிசை எண் இருக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கம்மை மென்று துப்பிவிட்டு அட்டையைச் சேர்த்தார்கள். அப்புறம் வளர்ந்து பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். இவர் மட்டும் போகவில்லை.

அட்டையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கச்சேரி டிக்கெட்டின் கிழித்த பாதி, முறிந்த டிரம் குச்சி, சட்டையில் குத்துகிற பேட்ஜ், சுவரொட்டி, யாரோ ஒரு பாடகி வியர்வையைத் துடைத்துக் கூட்டத்துக்குள் எறிந்த கைக்குட்டை என்று எல்லாம் உண்டு. அந்தக் கைக்குட்டையை அழுக்குத் துணி என்று நினைத்து ஒருநாள் நான் துவைத்துவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை மனுஷன். வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று அவற்றுக்கு. அவற்றின் அறைதான் பெரியது. குழந்தை பிறந்ததும் அந்த அறை வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அள்ளித் தெருவில் போடுவேன் என்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்த காலத்தில் தினமும் கத்தினேன். அவரும் தினமும் தலையாட்டினார். பூம்பூம் மாடுகூட அவ்வளவு ஆட்டாது.

எனக்கு எட்டாம் மாதம் நடந்தபோது ஒரு ரேடியோ அறிவிப்பாளர் இறந்துபோனார். அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை அவருடைய மகன் மொத்தமாகத் தள்ளிவிட்டான். தள்ளியது எங்கே விழும்? எங்கள் வீட்டில்தான். பெட்டியைத் திறந்தால் உள்ளே வெள்ளிப்பூச்சி ஓடுகிறது. தாளைத் தின்கிற பூச்சி. விட்டால் ஒரே மாதத்தில் எல்லா அட்டைகளின் முகமும் போய்விடும் என்று துடித்தார். சின்ன அட்டைகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீஸரில் அடுக்கினார். மீன் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டார்க்காரர்கள் உறைந்து கிடந்தார்கள். ஃப்ரீஸரில் அடங்காத அட்டை ஆல்பங்களையும் சுவரொட்டிகளையும் ஒரு மரப்பெட்டியில் வைத்தார். மூலைக்கு மூலை அந்துருண்டையைக் கொட்டினார். காற்றுப் புகாமல் டேப் ஒட்டி மூடினார். வீடு முழுக்க அந்த நெடி. இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினேன். பிறகு மூக்குக்குப் பழகிவிட்டது, எனக்கே தெரியாமல்.

பையன் பிறந்தான். குட்டி என்று கூப்பிட்டோம். அந்த அறையின் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தேன். குழந்தையை அந்தப் பக்கம் கொண்டுபோனதுகூட இல்லை. மாதம் நிறைவதற்குள் ஒரு காலை அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்காலும் மஞ்சள்.

தெருமுனை டாக்டரிடம் ஓடினோம். பொறுமையான மனிதர். வரிசையாகக் கேள்வி கேட்டார். பால் குடிக்கிறானா, என்ன மருந்து கொடுத்தீர்கள், இரண்டு குடும்பத்திலும் யாருக்காவது ரத்தத்தில் குறை உண்டா என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்துருண்டை போட்டு வெச்ச துணி எதையாவது குழந்தைக்குச் சுத்தினீங்களா?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது? பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து, ஓரம் மடித்து, என் அம்மா உட்கார்ந்து தைத்துக் கொடுத்த துணிகள் அவை. வயிற்றுப் பிள்ளையோடு நானே துவைத்து அலமாரியில் மடித்து வைத்தவை. ஒரு அறையில் அந்துருண்டை இருக்கிறது, ஆனால் குழந்தை அங்கே போவதில்லை, துணியும் அங்கே இல்லை என்று சொன்னேன். இவர் பக்கத்து நாற்காலியில் குட்டியின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. பயத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சிறுநீரின் நிறம் மாறினால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று என் முகத்தைப் பார்த்து அழுத்திச் சொன்னார்.

அன்று சாயங்காலம் இவர் குழந்தையின் துணிகள் அத்தனையையும் வாரிக்கொண்டு போய் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தார். இந்த வீட்டில் ஒரு துண்டைக்கூட அலசிப் போடாத மனுஷன். மழையில் காயாது என்று ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டே காயவைத்தார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தபடி இருந்தேன். பெற்ற பாசம் இப்படித்தான் மனுஷனை மாற்றும் போலிருக்கிறது, இவரைப் போய் இத்தனை நாள் கரித்துக் கொட்டினோமே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் குட்டி நனைத்த துணியில் கடுங்காப்பி நிறத்தில் கறை. பசித்தால் கூரையைப் பிய்க்கிற பிள்ளை அழவே இல்லை. தூக்கினால் தலை என் தோளில் சும்மா கிடந்தது. உதடு வெளுத்திருந்தது. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை, அப்படியே டாக்ஸியில் ஏறினேன். வழி முழுக்க அவன் மூக்கருகே என் கன்னத்தை வைத்துக்கொண்டே போனேன். மூச்சு படுகிறதா, படுகிறதா என்று அது ஒன்றுதான். துணிப் பையை இவர் மடியில் வைத்திருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். முந்தின நாள் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் அவர் நடையே வேகமானது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு சத்து குறைவாக இருக்குமாம். சாதாரணமாக ஒன்றும் தெரியாதாம். ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒன்று உள்ளே போனால் ரத்த அணுக்கள் உடைய ஆரம்பிக்குமாம். சில மாத்திரைகள், ஒரு வகை மொச்சை, அந்துருண்டையின் நெடி.

“இப்பவும் உடைஞ்சுக்கிட்டேதாம்மா இருக்கு. ரத்தம் ஏத்தப் போறோம். ஆனா எதனாலன்னு தெரிஞ்சு அதை நிறுத்தணும். இல்லன்னா ஏத்துறதும் உடைஞ்சு போகும்.”

நான் மறுபடியும் இல்லை, இல்லை என்றேன். நர்ஸ் குழந்தைக்கு மாற்றுத் துணி கேட்டாள். பையில் கைவிட்டு இஸ்திரி மடிப்புக் கலையாத ஒன்றை எடுத்து நீட்டினேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அது வேணாம்,” என்றார். பிறகு டாக்டரைப் பார்த்து, “அந்தத் துணியிலதாங்க இருக்கு. எல்லாத்துலயும்,” என்றார்.

டாக்டர் குட்டியைச் சுற்றியிருந்த துணியை உருவினார். அதை முகத்தருகே கொண்டுபோனவர் சட்டென்று விலக்கினார். நர்ஸ் பையையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் திணித்து வாயைக் கட்டினாள். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி என் பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நடந்ததை அவரே சொன்னார். மரப்பெட்டியில் ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உரசுமாம். நடுவில் துணி விரிக்க வேண்டுமாம். புதுத் துணி ஆகாது, அதிலிருக்கும் கஞ்சிக்குத்தான் வெள்ளிப்பூச்சி வரும். சாயத்துணி ஆகாது, ஈரம் பட்டால் ஒட்டும். பல தடவை துவைத்து மெத்தென்று ஆன வெள்ளைப் பருத்தித் துணிதான் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட துணி குழந்தையின் அலமாரியில் மட்டும்தான் இருந்தது. பிரசவத்துக்கு நாள் இருக்கிறதே என்று எடுத்து விரித்திருக்கிறார். எனக்கு வலி கண்டதும் பெட்டியைப் பிரித்து, துணிகளை உதறி, மடிப்பு மாறாமல் அலமாரியில் திருப்பி வைத்துவிட்டார். ஆல்பங்களுக்குப் பழைய செய்தித்தாளைச் சுற்றினாராம். அதைத் தியாகம் மாதிரி சொன்னார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். யார் வெளியே வந்தாலும் முகத்தைப் பார்க்கப் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். மடியில் பிள்ளை இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மார்பில் பால் கட்டி வலித்தது. தெரியாமல் செய்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நானும்தானே அந்தத் துணியை அவனுக்குச் சுற்றினேன்? என் மூக்கும்தானே செத்துப்போயிருந்தது? அப்போதுதான் முந்தின சாயங்காலத்து வெந்நீர் ஞாபகம் வந்தது.

“எப்பங்க உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். “நேத்து அந்த டாக்டர் கேட்டப்பவே.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீ எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவேன்னு பயந்துட்டேன். துவைச்சா போயிடும்னு நெனச்சேன்.”

நெடி போகவில்லை. முந்தின இராத்திரி முழுக்க அந்தத் துணிகளில்தான் என் பிள்ளையை மாற்றி மாற்றிச் சுற்றினேன். இவர் எனக்கு எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

குட்டி பிழைத்துக்கொண்டான். ரத்தம் ஏற்றினார்கள், நீல விளக்கின் அடியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். ஒருநாள் மத்தியானம் உள்ளேயிருந்து வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. என் பிள்ளையின் அழுகை. கேட்டுவிட்டு நானும் பெஞ்சிலேயே ஓவென்று அழுதேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், இது ஆயுசுக்கும் கூட வருகிற குறை, எந்த டாக்டரிடம் போனாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்றார். மறைக்காமல், என்று சேர்த்துக்கொண்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அந்தப் பெரிய அறை காலியாக இருந்தது. ஃப்ரீஸரில் கிடந்த அட்டை, ஆல்பம், சுவரொட்டி, டிரம் குச்சி ஒன்று விடாமல் கூட்டாளிகள் வந்து எடுத்துப்போயிருந்தார்கள். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. பிள்ளைக்காக இத்தனை வருஷச் சேகரத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டாரே, இப்படி ஒரு அப்பன் யாருக்குக் கிடைக்கும் என்று என் அம்மாவே உருகிவிட்டாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இவர் நல்லவர்தான். குழந்தையைக் குளிப்பாட்டுகிறார், தோளில் போட்டுத் தட்டுகிறார், அவன் தும்மினால் பதறுகிறார். அதையெல்லாம் நான் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் தடுப்பூசிக்குப் போனோம். குழந்தை அவர் மடியில் இருந்தான். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டே, இரண்டு நாளில் காய்ச்சல் ஏதாவது இருந்ததா என்று கேட்டாள்.

“இல்லைங்க,” என்றார் அவர்.

“எதுக்கும் ஒரு தடவை பாத்துடுங்க,” என்றேன் நான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் தெர்மாமீட்டரை வைத்தாள். காய்ச்சல் இல்லை. அவர் சொன்னது உண்மைதான். அப்படியும் நான் எழுந்துபோய்க் குழந்தையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.