எந்த வயல் கிருமி

நாத்தனாருக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனியோடு நிற்காது, தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பும். அவளுடைய தக்காளிச் செடிகள் பச்சை மாறாமலே துவண்டு விழுந்தபோது, பக்கத்துத் தோட்டக்காரர், செடி வாடிக் கிடந்த தன் தோட்டத்திலிருந்து வழியவிட்ட தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டினாள். பத்து வருஷப் பழக்கம் ஒரே நாளில் அறுந்தது.

அவளுடைய அண்ணிக்கு, தக்காளி, உருளைக்கிழங்கு இரண்டையும் சாய்க்கும் வாடல் நோய்க் கிருமிகளை ஆராய்வதுதான் உத்தியோகம்.

"உங்க மெஷின்ல பாத்து எழுதிக் குடுங்க அண்ணி. அவர் மூஞ்சில விட்டெறியணும்."

அண்ணி இரண்டு தோட்டத்துத் தண்டுகளையும் வெட்டித் தண்ணீரில் நிறுத்தினாள். இரண்டிலிருந்தும் பால் நூலாகக் கிருமி இறங்கியது. பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஒரே நோயைத் தரும் கிருமிகளிலும் பல குடும்பங்கள் உண்டு. எது எந்தக் குடும்பம் என்று மரபணு காட்டிக்கொடுத்துவிடும். ஊரார் குடும்ப வம்பைச் சம்பளம் வாங்கிக்கொண்டு விசாரிக்கிற இந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

முடிவு வந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிருமி வேறு குடும்பம். மனுஷர் தப்பித்தார். நாத்தனார் தோட்டத்துக் கிருமியோ, தொலைதூர உருளைக்கிழங்கு வயல் ஒன்றில் அண்ணியே எடுத்துவந்த மாதிரியோடு அச்சு அசலாகப் பொருந்தியது. மாதிரி எடுத்த தேதியைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு அந்த வயலிலிருந்து நேராக நாத்தனார் தோட்டத்துக்குத்தான் போயிருந்தாள். சேறு அப்பிய பூட்ஸோடு, நாற்றைப் பார்க்கிறேன் என்று பாத்தி பாத்தியாக நடந்திருந்தாள். பூட்ஸைக் கழுவுங்கள் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவளும் அவளேதான்.

பக்கத்துக்காரர் இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டால் யாரும் மேலே கேட்கப்போவதில்லை. இரண்டு நாள் எதையும் சொல்லாமல் தள்ளிப்போட்டாள். வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். புகுந்த வீட்டில் மனசுவிட்டுப் பேச அவளுக்கு இருந்தது இந்த ஒருத்திதான்.

மூன்றாம் நாள் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

நாத்தனார் கத்தவில்லை. எழுந்து வேலியோரம் போனாள்.

"அண்ணே, கொஞ்சம் வாங்க."

தோட்டக்காரர் சந்தேகத்தோடு வந்து நின்றார்.

"உங்களத் தப்பா பேசிட்டேன். மன்னிச்சிருங்க. செடி போனது எங்க அண்ணியாலதான்."

அவர் அண்ணி பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"இருங்க," என்று குறுக்கே வந்து நின்றாள் நாத்தனார். "இவங்கள நான் திட்டிக்கிறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாது."