அம்சம் வீடு திரும்பிய விவரம்

செத்துப்போன அம்சம் மூன்று முறை தன் குடிசைக்கு நடந்து திரும்பி வந்தாள். அந்த வருஷம் குறுவை நெல் நல்ல விலைக்குப் போனது, ஆற்றில் தண்ணீர் தட்டில்லாமல் வந்தது, இதுவும் நடந்தது. நன்னிலத்துக்குக் கிழக்கே ஓடத்திடலில் யாரைக் கேட்டாலும் இந்த வரிசையில்தான் சொல்வார்கள்.

அம்சத்துக்கு நாதி கிடையாது. கல்யாணமான புதிதில் புருஷனோடு நடவு நட வந்தவள். புருஷனைப் பாம்பு கொண்டுபோன பிறகு மிராசுதார் அமிர்தலிங்கத்தின் திடலில், எட்டுக் குடிசைகளில் கடைசிக் குடிசையில், ஒண்டியாகவே முப்பது வருஷத்தை ஓட்டினாள். ஆடி மாதம் ஒருநாள் அவள் நடவுக்கு வரவில்லையே என்று பக்கத்துக் குடிசை ராமாயி எட்டிப் பார்த்தபோது பாயிலேயே உயிர் போயிருந்தது. பண்ணையில் உழைத்தவர் செத்தால் பண்ணை வீட்டிலிருந்து கோடித்துணி வரும். வந்தால்தான் பிணத்தைத் தூக்குவார்கள். பாட்டன் காலத்திலிருந்து தவறாத கோடி அன்றைக்கு வரவில்லை. சும்மா இல்லை, காரணம் இருந்தது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று சென்னையில் புதிதாகச் சட்டம் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தாசில்தார் திடலைப் பார்க்க வருகிறார் என்று தகவல். திடலில் யாருமே குடியிருந்ததில்லை, எட்டுக் குடிசையும் செங்கொடி பிடிக்கிற பயல்கள் போன மாதம் போட்டவை என்று சொல்ல மிராசுதார் தயாராக இருந்தார். அம்சத்துக்குக் கோடி கொடுத்தால் அந்தப் பேச்சு அப்போதே செத்துவிடும்.

பிணத்தை அப்புறப்படுத்தும் வேலை காரியக்காரர் காயாரோகணத்தின் தலையில் விழுந்தது. பண்ணைக் கணக்கும் சாவியும் அவர் கையில். பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஒரே வாரத்தில் காலராவுக்குக் கொடுத்துவிட்டுப் பண்ணைக் களஞ்சியத்தை ஒட்டிய அறையில் கிடந்தார். வாலிபத்தில் கும்பகோணத்து மகாமகக் கூட்டத்தில் ஓர் அனாதைப் பிணத்தைக் குப்பை வண்டியில் ஏற்றியதைப் பார்த்தவர். சாவுக்கு அவர் பயந்ததில்லை; அந்த வண்டிக்குப் பயந்தார். மிராசுதாருக்கு அது தெரியும்.

"வெள்ளிக்கிழமை அவ அங்க கிடக்கக் கூடாது. கிடந்தா, உன் கடைசிக் காரியத்துக்கு வேற ஆளப் பாத்துக்க" என்றார்.

திடல் சனம் வயலில் இருந்த நேரம் பார்த்துக் காயாரோகணம் அம்சத்தை வண்டியில் ஏற்றி, வைக்கோல் போட்டு மூடி, அடுத்த ஊர் எல்லைக்கல் அருகே இறக்கிவிட்டு வந்தார். விடிந்தபோது அவள் தன் பாயில் தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தாள், முழங்கால் வரை அடுத்த ஊர்ச் சேறு. நாய்கூடக் குரைக்கவில்லை, தெரிந்த ஆளைப் பார்த்து அது ஏன் குரைக்கப்போகிறது? மறுபடி நாகூருக்குக் கொண்டுபோனார். கடல் ஒதுக்குகிற பிணங்களை அடக்கம் செய்யும் ஜெய்னுலாபுதீன் அவளைக் குளிப்பாட்டி, ஆழமாகக் குழி வெட்டி, ஓதி, மண் தள்ளினார்.

"பேரு என்னங்க?"

"தெரியாது பாய்."

"ஊரு?"

"அதுவும் தெரியாது."

"தெரியாதவங்களுக்கா இவ்வளவு தூரம் வண்டி கட்டிக்கிட்டு வந்தீங்க?" என்றார் பாய். காயாரோகணம் மாட்டை நுகத்தில் பூட்டினார். வண்டி ஓடத்திடலுக்குத் திரும்புவதற்குள் அம்சம் முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள், தலைமுடியெல்லாம் கடல் மணல். மூன்றாவதாகக் கல்லைக் கட்டி அரசலாற்றில் இறக்கினார். அவள் ஈரத்துணியோடு வந்து படுத்தாள். கயிற்றையும் அவிழ்த்து எடுத்து வந்திருந்தாள், நல்ல கயிறு. உடம்பில் நாற்றம் இல்லை, நாற்றங்கால் வாசம்தான் அடித்தது. அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

தாசில்தார் வந்தபோது ஒரு பக்கம் பண்ணை ஆட்கள் கம்போடு நின்றார்கள், மறுபக்கம் திடல் சனம் அரிவாளோடு. கிழக்கே ஓர் ஊரில் குடிசையோடு ஆட்களைக் கொளுத்தியது யாருக்கும் மறக்கவில்லை. ஒரு வார்த்தை பிசகினால் ரத்தம்தான்.

மிராசுதார் குடையைச் சாய்த்துக்கொண்டு, "இங்க யாரும் குடியிருந்ததில்லீங்க. இவ எங்கேயோ பிச்சையெடுத்துட்டு வந்து விழுந்தவ" என்றார்.

தாசில்தார் காயாரோகணத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

காயாரோகணம் அம்சத்தின் குதிகாலைப் பார்த்தார். பித்தவெடிப்பில் சேறும் மணலும் வண்டலும் அப்பியிருந்தன. இவளுக்குப் போக இடம் இருக்கிறது, நமக்கு அதுகூட இல்லையே என்று நினைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்க பண்ணை ஆளுதாங்க. முப்பது வருஷமா இந்தக் குடிசைதான். நான்தான் மூணு தடவை கொண்டுபோய்ப் போட்டேன். மூணு தடவையும் இங்கதான் நடந்து வந்தா."

தாசில்தாருக்கு அன்றைக்கு இன்னும் பல ஊர்கள் இருந்தன. "செத்தவங்க அடுத்தவன் வீட்டுக்கு நடந்து வர மாட்டாங்க. அப்ப இதுதான் அவங்க வீடு" என்று சொல்லிவிட்டு, சங்கிலியைப் பிடித்து எட்டு மனையையும் அளக்கச் சொன்னார்.

"இனிமே நீ அனாதைப் பொணம்தான்டா" என்று மிராசுதார் குடையை மடக்கிக்கொண்டு போனார். கம்புகளும் பின்னாலேயே போயின.

காயாரோகணம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அம்சத்தின் மேல் போர்த்தினார். பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். மூடிய உதட்டில் பட்டு அரிசி சிதறியது. ராமாயி முறத்தை அவரிடம் நீட்டி, "நீங்க போடுங்கய்யா" என்றாள். அவர் ஒரு பிடி எடுத்ததும் அம்சம் வாயைத் திறந்தாள். மென்றாள், விழுங்கினாள், மறுபடி திறந்தாள். முறம் காலியாகும்வரை அவர் ஊட்டினார். கண்ணீர் தாடையில் வழிந்ததைத் துடைக்கத் துண்டு இல்லை.

"அவ்வளவு தூரம் நடந்தவளுக்குப் பசிக்காதா" என்றாள் ராமாயி.

அடக்கம் முடிந்து எல்லாரும் வாய்க்காலில் குளித்துவிட்டுத் திடலுக்குத் திரும்பினார்கள். அம்சம் வரவில்லை. காயாரோகணம் வந்தார். அதுவரை அந்தத் திடலில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர், ராமாயி வட்டிலில் சோறு போட்டதும் உட்கார்ந்து சாப்பிட்டார்.