குழி விழுந்த ரொட்டி

பிரஷாந்தினி லெப்டொப்பைத் திறந்ததும் அழகமுத்து மாமா கத்தினார்.

"ஒங்கம்மாவ பொதைச்ச மண்ணு எங்க கால்ல இன்னும் காயல. அதுக்குள்ள பொட்டியத் தொறந்துட்டியா?"

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும் மாமா. இல்லாட்டி பட்டம் இந்த வருசம் இல்ல."

"யாவாரத்தப் பத்திப் படிப்பு! என் தங்கச்சி படிச்சிட்டா யாவாரம் பண்ணுனா?"

அம்மா மல்லிகா கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் தேங்காய் ரொட்டி விற்றுத்தான் அவளைக் கம்பஸுக்கு அனுப்பினாள்.

தொழில்முனைவு ஆராய்ச்சியில் எந்தப் பழைய நூல்கள் இன்றும் செல்வாக்கோடு இருக்கின்றன என்பது அவளுடைய ஆய்வு. அதிகம் பேர் மேற்கோள் காட்டிய நூல்களைப் பொறுக்கி வைத்திருந்தாள். ஆய்வை வழிநடத்தும் மேடம் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டார். "பேரச் சொல்றவங்க எல்லாம் படிச்சவங்களா? அந்தப் புத்தகம் அவங்கள மாத்திச்சின்னு எத வச்சு சொல்லுவீங்க?" கடைசிப் பக்கம் காலியாகவே கிடந்தது.

சாவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து இருளாயி அக்காவும், பஜாரிலிருந்து றுகையாவும் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அம்மாவைப் பார்த்து ரொட்டி விற்கத் தொடங்கியவர்கள். பிரஷாந்தினி மூடியிருந்த துணியை விலக்கினாள். இரண்டு தட்டிலும் ரொட்டி. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி.

அம்மாவின் ரொட்டிக்கல் ஒருமுறை கீழே விழுந்து நடுவில் புடைத்துக்கொண்டது. வேறு கல் வாங்க வழியில்லை. அன்றிலிருந்து அவள் ரொட்டியில் குழி.

"அக்கா, ஒங்க கல்லு நல்ல கல்லுதானே? குழி எப்பிடி?" என்று இருளாயியிடம் கேட்டாள்.

"கட்டவெரலால அமுக்குறதுதான் புள்ள. குழி இல்லாட்டி ஒருத்தனும் தொடமாட்டான். 'மேக மல்லிகாகே ஏக நெமெய்'னு சிங்களத்துல சொல்லுவான். மல்லிகாவோடது இல்லையாம்!"

"அட, நான் தொட்டுக்கிற சம்பல் வைக்கத்தான் குழின்னு நெனச்சேன்," என்றாள் றுகையா.

சிரிப்பு எழுந்தது. பிறகு எல்லோரும் பிரஷாந்தினியைப் பார்த்து அடங்கினார்கள்.

பிரஷாந்தினி எழுதத் தொடங்கினாள். ஒரு நூலின் பெயரை யாரும் சொல்லலாம். பெயரே சொல்லாமல் இந்தக் குழியைப் போல அதன் கோணலையும் சேர்த்து யார் எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டும். படித்தவற்றை அப்படி மறுபடி பார்த்தபோது இரண்டு நூல்கள்தான் தேறின. மற்றப் பெரிய பெயர்களை வெட்டி எறிந்தாள்.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில்தான் சிக்னல் கிடைக்கும். மழையில் ஓடிப்போய் அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

மாமா வாசலில் குந்தியிருந்தார். ரொட்டியைச் சுற்றிலும் பிய்த்துத் தின்றுவிட்டு, குழி விழுந்த நடுவை மட்டும் உள்ளங்கையில் வைத்திருந்தார்.